ஆறாம் நம்பர் கவுன்

அந்தத் தெருவில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. கத்திரியக்கா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். துணிக்கு ஒரு கத்திரி, ஆட்களுக்கு அவள் நாக்கு, இரண்டில் எது கூர் அதிகம் என்று சொல்வது கஷ்டம் என்பதால் வந்த பெயர் அது. அளவு கொடுக்க வந்து நிற்பவரிடம், "போன தடவைக்கு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கே, வீட்ல எல்லாரோட பங்கையும் நீங்களே சாப்பிட்டீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். கல்யாணம் செய்துகொண்டு போய்ப் பதினோரு மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "அளவு சரியில்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அடுக்குமாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் வைப்பதற்காகக் கட்டிய ஓர் அறைதான் அவள் கடை. ஒரு தையல் மெஷின், ஓர் ஓவர்லாக் மெஷின், ஓரம் உடைந்த நிலைக்கண்ணாடி, பிள்ளைகளை ஏற்றி நிறுத்தி அளவெடுக்க ஒரு ஸ்டூல். பெரும்பாலும் குழந்தைகளின் துணிதான். அதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. இன்றைக்கு இருக்கும் பிள்ளைக்கு அவள் தைக்க மாட்டாள், அடுத்த வருடத்துப் பிள்ளைக்குத் தைப்பாள். ஒவ்வொரு தையலுக்குள்ளும் ஒரு விரல் அகலம் துணியை மடித்து ஒளித்து வைப்பாள், பாவாடை ஓரத்தில் இரண்டு மடிப்பு. பிள்ளை வளர்ந்ததும் தாய்மார்கள் கொண்டு வருவார்கள், பிரித்து விட்டுக் கொடுப்பாள். "பிள்ளைன்னா சும்மா நிக்காது, வளரும். துணி அதுக்கு வழிவிடணும்" என்பாள்.

நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றும் உண்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, உயரம், தோள், மார்பு, இடுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரி. அந்த நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். முப்பது வருடத்தில் இரண்டே இரண்டு பிள்ளைகளுக்கு இடுப்பளவு இறங்கியது, இரண்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவை.

ஊரையே வாயில் போட்டு மெல்லும் கத்திரியக்காவுக்கு ஒரே ஒரு இடத்தில் நாக்கு மழுங்கிப் போகும். அது அவளுடைய தம்பி. அவனுடைய முதல் சட்டை தொடங்கிக் கல்யாணக் கோட்டு வரைக்கும் அவள் கையால் தைத்தது. அவன் முகம் வாடினால் போதும், அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. அவன் அதே கட்டிடத்தில் நாலாவது மாடியில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தான். ஃபோன் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். இப்போது வேலைக்குப் போவதில்லை. அவனுக்குப் பதிலாக அவன் மூத்த மகள் போய்க்கொண்டிருந்தாள், வீட்டை விட்டு வெளியே போகாமலே.

அவளுக்கு நாலு வயதில், பொம்மையை உட்கார வைத்துத் திட்டியதைத் தம்பி மனைவி விளையாட்டாய்ப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டாள். அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு விளையாட்டு முடிந்தது. 'மகாராணி டைம்' என்று ஒரு சானல் பிறந்தது. மகாராணி எழுந்திருப்பது, மகாராணி பல் தேய்ப்பது, மகாராணி கோபித்துக்கொள்வது. முதல் பால்பல் விழுந்தபோது அந்தக் குழந்தை மூன்று முறை அழ வேண்டியிருந்தது. முதல் அழுகைக்கு வெளிச்சம் போதவில்லை, இரண்டாவதில் பின்னால் குக்கர் சத்தம் கேட்டுவிட்டது. வீடியோவில் மகாராணிக்கு ரதம் மாதிரி ஒரு கட்டில் உண்டு. அதில் யாரும் படுக்கக் கூடாது, விரிப்பு கசங்கிவிடும். மகாராணி தூங்கியதெல்லாம் கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மெத்தையில், தங்கச்சியோடு. பாப்பா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் தங்கச்சிக்கு மூன்று வயது.

பிள்ளைகளுக்கான உடுப்பு விற்கும் ஒரு கம்பெனி மகாராணியைப் பிடித்துக்கொண்டது. ஆறு வயதுக் கவுன்களுக்கு அவள்தான் முகம். ஒவ்வொரு கவுனின் நெஞ்சிலும் ஆறு என்று கொட்டை எண்ணில் பூத்தையல் போட்டிருக்கும். ஒப்பந்தம் அந்த எண்ணுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. ஆறாம் நம்பர் உடம்பில் ஏறுகிற வரைக்கும் மகாராணி, ஏறாவிட்டால் வேறு மகாராணி. ஆகவே அந்த வீட்டில் ஆறாவது பிறந்தநாள் இரண்டு முறை கொண்டாடப்பட்டது. இரண்டாம் வருடமும் அதே ஆறை மெழுகுவத்தியாகக் கேக்கில் குத்தி, குழந்தையை ஊதச் சொல்லி, பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். அவர்களைத் தம்பி மனைவி ஒரே தட்டில் சானலை விட்டு வெளியேற்றினாள்.

இங்கேதான் கத்திரியக்கா உள்ளே வருகிறாள். வளரும் பிள்ளையை ஆறாம் நம்பருக்குள் திணிக்க ஒரு கை வேண்டுமல்லவா? கம்பெனி ஒவ்வொரு கவுனிலும் இரண்டு அனுப்பும். ஒன்றை வெட்டி இன்னொன்றுக்குள் வைத்துவிடுவாள். அக்குளில் ஓர் ஒட்டு, பக்கவாட்டில் ஒரு பட்டை, கீழே ஒரு சுருக்கு. எங்கே வெட்டினாள், எங்கே சேர்த்தாள் என்று கம்பெனிக்காரனே பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. "அண்ணி கை பட்டா துணியே பேசாம இருந்துடும்" என்று தம்பி மனைவி புகழ்வாள். கத்திரியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சானலைக் கண்டபடி திட்டுவாள், அம்மாக்காரியைத் திட்டுவாள், கம்பெனியைத் திட்டுவாள், திட்டிக்கொண்டே தைப்பாள். அந்தப் பொய்க்கு முதுகெலும்பே தன் ஊசிதான் என்பது இரண்டு வருடம் அவள் மண்டையில் ஏறவில்லை.

மகாராணிக்கு எட்டு நடந்துகொண்டிருந்தபோது, கம்பெனியின் ஆண்டுவிழா நேரலைக்கென்று ஒரு வெள்ளைக் கவுன் வந்தது. வழக்கம்போல் ஸ்டூலில் ஏற்றி அளவெடுத்தாள். உயரம் ஏறியிருந்தது, தோள் ஏறியிருந்தது. இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்தவள், அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். போன முறை இருபத்தொன்றரை. இப்போது இருபது.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

"பசிக்கல அத்தை." சானலில் சிரிக்கும் அதே சிரிப்பு.

"நேத்து?"

"நேத்தும் பசிக்கல."

தன் மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்துக் கையில் திணித்தாள். குழந்தை அதை வாயில் வைக்கவில்லை. காகிதத்தில் சுற்றிப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, பாப்பாவுக்கு என்றாள். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் பார் என்று அப்போது கத்திரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

நாலாம் மாடிக்கு ஏறிப் போனாள். தம்பி மனைவி கேமராவுக்கு முன்னால் திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அவளேதான் வேணாங்குறா அண்ணி. நாங்களா பட்டினி போடுறோம்? இந்த வயசுலயே உடம்பப் பாத்துக்கணும்னு தோணுதே, நல்லதுதானே" என்றாள். எட்டு வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறதாம். தம்பியிடம் திரும்பினாள். அவன் ஃபோனிலிருந்து பாதி முகத்தை எடுத்து, இன்னும் நாலு மாதம் அக்கா, ஒப்பந்தம் முடியட்டும் என்றான். போன வருடமும் நாலு மாதம்தான் சொன்னான். அவன் முகம் வாடுவதைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள்.

அன்று மதியம் முழுக்க, மெஷினை நிறுத்திவிட்டு, தன் ஃபோனில் மகாராணி டைமை முதலிலிருந்து பார்த்தாள். அதுவரை தான் தைத்த கவுன் எப்படி விழுகிறது என்று மட்டும் பார்த்தவள், முதன்முறையாகக் கீழே எழுதியிருந்தவற்றைப் படித்தாள். முகமில்லாத யாரோ, அந்த நீலக் கவுனில் இன்னொரு முறை சுற்றச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். அடுத்த வீடியோவில் குழந்தை நீலக் கவுனில் சுற்றியது. ரசிகர் விருப்பம் என்று தம்பி மனைவி பூப்போட்டு எழுதியிருந்தாள்.

புகார் சொல்ல அதிலேயே ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். என்ன குறை என்று ஒரு பட்டியல் வந்தது. ரத்தம், ஆயுதம், வசைச்சொல், பிறர் பாட்டைத் திருடியது. பாட்டைத் திருடினால் பிடிப்பார்களாம். குழந்தையின் இரண்டு வயதைத் திருடினால் அதற்கு அங்கே பொத்தான் கிடையாது. கடைசியில் 'மற்றவை' என்பதை அமுக்கித் தன் மனக்குமுறலை எல்லாம் தப்பும் தவறுமாக எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. பரிசீலித்தார்கள், விதிமீறல் எதுவும் இல்லை, உங்களுக்குப் பிடிக்காதவற்றைப் பார்க்காமல் இருக்கும் வசதி உங்களுக்கு உண்டு. பதிலுக்குக் கீழேயே ஆறாம் நம்பர் கவுன் விளம்பரம். அதோடு விட்டதா? மதியம் முழுக்க அவள் பார்த்ததை வைத்து, இந்த அம்மாளுக்குக் கவுன் போட்ட பிள்ளைகள் என்றால் உயிர் என்று அந்த இயந்திரம் முடிவுகட்டிவிட்டது. எங்கெங்கோ உள்ள குழந்தைகளை வரிசையாகக் கொண்டுவந்து அவள் முன்னால் ஆட விட்டது. அவள் ஃபோனைத் துணிக் கூடைக்குள் வீசினாள்.

அவளுடைய வாடிக்கைக்காரர்களில் ஓர் அம்மாள் குழந்தைகள் நல அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஸ்கர்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தவளிடம், யாரோ தெரிந்தவர் வீட்டு விஷயம்போல் இதைச் சொன்னாள் கத்திரியக்கா. அந்த அம்மாள் நோட்டை வாங்கி அந்தப் பிள்ளையின் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். இதைவிடச் சாட்சி வேண்டாம், டாக்டரை வைத்துப் பார்ப்போம், வீட்டுக்கு ஆள் அனுப்புவோம், ஆனால் புகாரில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்றாள். கத்திரியக்கா ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, நல்லா ஓடுது என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். தெருவையே நாக்கால் கிழிக்கிறவளுக்குத் தம்பி மேல் ஒரு கையெழுத்துப் போட மனசு வரவில்லை. வெட்கக்கேடுதான். அதை மறைக்கத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

ஆபீசும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், ஊசி போதும் என்று முடிவுகட்டினாள். வெள்ளைக் கவுனை எடுத்தாள். வழக்கம்போல் கச்சிதமாக ஒட்டு வைத்தாள், ஆனால் இரண்டு அக்குளிலும் ரத்தச் சிவப்புத் துணியில். கை தொங்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆண்டுவிழா நடனத்தில் கையைத் தூக்காமல் முடியாது. வயது மறைப்பு அம்பலமாகும், கம்பெனி கைவிடும், பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடும். தன் சாமர்த்தியத்தை எண்ணித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நூலைக் கடித்து முடித்தாள்.

ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு நேரலை. போட்டுப் பார்க்க நேரமில்லாதபடி கவுனைப் பத்தே முக்காலுக்குத்தான் மேலே கொடுத்தனுப்பியிருந்தாள். கடையில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தாள். தம்பி வீட்டு முன்னறையில் கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி கையில் அட்டையோடு நின்றாள். பாட்டு தொடங்கியது. மகாராணி கையை உயர்த்தினாள். பளீரென்று இரண்டு சிவப்பு. கீழே எழுத்துகள் கொட்டத் தொடங்கின. அது ஒட்டுத் துணி அல்லவா, இந்தப் பிள்ளைக்கு எப்படி ஆறு, என் ஆறு வயசுப் பெண்ணுக்கு இந்தக் கவுன் தொளதொள என்று இருக்கிறதே. கம்பெனிக்காரப் பெண்ணின் முகம் மாறியது. குழந்தை குனிந்து தன் அக்குளைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் உடம்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு, காலை மட்டும் ஆட்டி நடனத்தை முடித்தது. சிரிப்பு மாறவே இல்லை. கத்திரியக்கா அதைச் சரியாகக் கவனிக்கவில்லை, தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கடிதம் வந்தது. குழந்தையின் இயல்பான வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். வளர்ந்தது குற்றம் என்று ஒரு பிள்ளைக்கு ஓலை வந்தது. ஊருக்கு வெளியிட்ட அறிக்கையில் மட்டும், குழந்தைகளின் நலனே எங்கள் முதல் அக்கறை என்றது அதே கம்பெனி. தம்பி இறங்கி வந்து, ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்று கேட்டான். வெள்ளைத் துணி தீர்ந்து போச்சுடா என்றாள் அவள். தம்பி மனைவி ஒன்பது நாள் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் கத்திரியக்கா தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பத்தாம் நாள் காலையில் தம்பி மனைவியே கடைக்கு வந்தாள். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் புது கவுன். பின்னால் மூத்தவள், பள்ளிச் சீருடையில். கவுனின் நெஞ்சில் கொட்டை எழுத்தில் மூன்று என்று இருந்தது.

கம்பெனியோடு பேசி முடித்தாகிவிட்டதாம். அக்கா தன் கிரீடத்தைத் தங்கச்சிக்குச் சூட்டுகிற மாதிரி முதல் வீடியோ. கை மட்டும் கொஞ்சம் நீளம், சரிசெய்ய வேண்டும். "இதுல விளையாட்டு வேணாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு, பாப்பாவை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினாள். கத்திரியக்காவின் கை பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்தது. டேப் கழுத்தில் பட்டதும் அந்த மூன்று வயது, யாரும் சொல்லாமலே, மோவாயைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அழகாகச் சிரித்தது.

சுவரோரம் நின்ற மூத்தவள் கிட்டே வந்தாள். அம்மா ஃபோனில் பேச வெளியே போன நேரம்.

"அத்தை, நான் இன்னும் கொஞ்சம் கொறைச்சிருந்தா பாப்பாவ விட்டிருப்பாங்களா?"

கத்திரியக்காவுக்குப் புரியவில்லை. என்ன சொல்றே என்றாள்.

"எனக்கு கவுன் பத்தலன்னா அப்புறம் பாப்பாதான்னு அம்மா போன வருசமே சொன்னாங்க. அதான் நான் சாப்பிடல. என் சாப்பாட்டையும் பாப்பாவுக்கே குடுத்தேன். அவ குண்டாயிட்டா அவளுக்கு மூணாம் நம்பர் பத்தாதுல்ல?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "ஆனா நீங்க செவப்பு வச்சிட்டீங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒன்பது நாளாக நிமிர்ந்து நடந்த நடையெல்லாம் கத்திரியக்காவின் கண்முன் வந்தது. எட்டு வயசுப் பிள்ளை தன் வயிற்றைக் கட்டித் தங்கச்சிக்கு மறைப்பாக நின்றிருக்கிறது, தம்பி முகம் வாடுமே என்று பயந்துகொண்டு இவள் ஒரு துண்டுத் துணியால் அந்த மறைப்பைக் கிழித்திருக்கிறாள். அவமானம் அவளுக்குக் காதுவரை சுட்டது. பாப்பாவை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டாள்.

"இதுக்கு நான் அளவெடுக்க மாட்டேன்" என்றாள், ஃபோன் முடிந்து திரும்பி வந்த தம்பி மனைவியிடம்.

ஊரில் தையல்காரிக்கா பஞ்சம் என்று அவள் கவுனைச் சுருட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலில் சிரிப்பு இல்லை. இரண்டு வருடத்தில் அவளுடைய சொந்த முகத்தை அத்தை பார்த்தது அப்போதுதான்.

மெஷினில் யாரோ பையனின் கால்சட்டை ஊசிக்கடியில் பாதித் தையலில் கிடந்தது. அதை அப்படியே விட்டாள். நீல நோட்டை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். வேலை நாளில், பகல் பதினொன்றரைக்கு, முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கடையை இழுத்துப் பூட்டினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

குழந்தைகள் நல அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. ஜிப் மாற்ற வந்த அம்மாள் இவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். கத்திரியக்கா நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். சாப்பிடாமல் இருந்தது, பாப்பாவுக்குக் கொடுத்தது, இரண்டு முறை ஊதிய ஆறாம் எண் மெழுகுவத்தி, நீலக் கவுன், மூன்றாம் நம்பர் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதி முடிக்க அந்த அம்மாளுக்கு மூன்று தாள் பிடித்தது.

"யார் மேல புகார்?"

"என் தம்பி மேல. அவன் பொண்டாட்டி மேல. அந்த கம்பெனி மேல." திறந்திருந்த நோட்டின் மேல் விரலை வைத்தாள். "அதுக்கு முன்னாடி என் பேர எழுதுங்க. ரெண்டு வருசமா அவளுக்கு வயசு ஏறாம தச்சு வச்சது நான்தான்."

"புகார் குடுக்குறவங்க பேரு கடைசில வரும்க்கா."

"ரெண்டு எடத்துலயும் எழுதுங்க."

அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு, முழுப் பெயர் என்ன என்று கேட்டாள். கத்திரியக்கா பல வருடத்துக்குப் பிறகு தன் பெயரைச் சொன்னாள்.